மேற்கு வெயிலுக்கு ஒரு மண் திரை

ரியோ டி ஜெனீரோவில் பார்க் கின்லே என்றொரு பூங்கா. அதை ஒட்டி 1948 முதல் 1954 வரை மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பின. வடிவமைத்தவர் லூசியோ கோஸ்டா. பிற்பாடு பிரேசிலியா நகரத்துக்கே திட்டம் வரைந்தவர். பூங்கா தெரிகிற பக்கம்தான் பிற்பகல் வெயில் அடிக்கிற பக்கமும். சன்னலைத் திறந்தால் வெக்கை, அடைத்தால் மரங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். சுட்ட மண் ஜாலிகளை, அதாவது துளைக்கற்களை, முகப்பு நெடுக நிறுத்தி அந்தச் சிக்கலை அவிழ்த்தார் கோஸ்டா.

மேற்கு வெயிலுக்கு சன்ஷேடு போட்டுப் பயனில்லை. நாலு மணிக்கு மேல் சூரியன் தாழ்ந்து, வெயில் நேராக அறைக்குள் நீளும். அதை மறிக்க ஜாலிக்கு வேண்டியது கனம். பூ வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் மெல்லிய தகடு வெயிலை விட்டுவிடும். ஓட்டையின் உயரம் 10 செ.மீ., ஆழமும் 10 செ.மீ. என்றால், சூரியன் 45 பாகைக்கு மேல் நிற்கிற வரை ஒரு கதிர்கூட நேராக உள்ளே விழாது. அதற்கும் கீழே இறங்கிய பிறகு, பக்கவாட்டில் சாய்வாக வருகிற கதிரை மட்டும் ஓட்டையின் பக்கச் சுவர்கள் தடுக்கும். மீதி வெளிச்சம் மண்ணில் பட்டுச் சிதறி, லேசாகச் சிவந்து உள்ளே வருகிறது. ஜாலி காற்றைக் குளிர வைக்கும் என்று பலர் சொல்கிறார்கள். வருவது வெளியில் இருக்கிற அதே காற்றுதான். அது நிற்காமல் ஓடுவதால் வியர்வை ஆறுகிறது, நிழலில் இருக்கும் உள்சுவரும் சூடேறுவதில்லை. இதுவே பெரிய உதவி.

பகலில் உள்ளிருப்பவருக்குத் தெரு தெரியும். வெளிச்சத்தில் நிற்பவருக்கு இருண்ட ஓட்டைகள்தான் தெரியும். இரவில் விளக்குப் போட்டதும் இது தலைகீழ்.

துளைத் திரை என்ற யோசனை பிரேசிலுக்குப் பழையது. அரபுக் கட்டடக் கலையிலிருந்து போர்ச்சுகல் வழியாக மரச் சட்டப் பின்னல் சன்னல்கள் அங்கே வந்திருந்தன. 1808இல் போர்ச்சுகல் அரச குடும்பம் ரியோவுக்குக் குடிபெயர்ந்தது. அடுத்த ஆண்டே, நகரம் ஐரோப்பிய முகம் காட்ட வேண்டும் என்று அவற்றைக் கழற்றச் சொன்னார்கள். பழைய வீடுகளை ஆராய்ந்த அரசு மரபுத் துறையில் பணியாற்றியவர் கோஸ்டா. வெப்ப நாட்டுக்குப் பொருந்திய ஒன்றைத் தூக்கி எறிந்தது தவறு என்பதை அவர் கட்டடங்கள் எடுத்துக் காட்டின. அவர் கைக்கு வந்த துளைக்கல் ரெசிஃபே நகரில் 1920களின் இறுதியில் பிறந்தது. அதை உருவாக்கிய கொயிம்ப்ரா, போக்மன், கோயிஸ் என்ற மூவரின் பெயர்களிலிருந்து முதல் அசைகளை எடுத்து ‘கொபொகோ’ என்று அழைத்தார்கள். முதலில் சிமெண்ட், பிறகு சுட்ட மண்.

கையால் செய்கிற ஜாலி பார்ப்பதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். காற்றுக் குமிழி இல்லாதபடி பிசைந்த களிமண்ணை மர அச்சில் அழுத்தி, சற்று இறுகியதும் கம்பியாலோ கத்தியாலோ ஓட்டையின் விளிம்பைச் சீவுகிறார்கள். ஆபத்து உலர்த்தும்போதுதான். ஓட்டை அதிகமானால் விளிம்பும் அதிகம்; விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், நடுப்பகுதி இன்னும் ஈரமாகவே இருக்கும். அந்த இழுபறியில் மூலைகள் விரிசல் விடும். அதனால் ஈரச் சாக்கு போர்த்தி, நிழலில், திருப்பித் திருப்பி வைத்து மெல்லக் காய வைக்க வேண்டும். சூளையில் சுமார் 1000 பாகை செல்சியஸ் வரை சூடேறும். ஆறும்போதும் அவசரம் கூடாது: 573 பாகையில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் மணல் சட்டென்று சுருங்கும், அந்த இடத்தில் வேகமாக ஆறினால் கல் பிளந்துவிடும்.

சுவரில் இவற்றைப் பெரும்பாலும் செங்கல் போல மூட்டு மாற்றி அடுக்குவதில்லை; ஓட்டை ஓட்டைக்கு நேராக நிற்கும்படி வைக்கிறார்கள். அப்படி அடுக்கிய சுவர் பலவீனமானது, எனவே பெரிய திரைகளில் மூட்டுக்குள் இரும்புக் கம்பி ஓட்டுகிறார்கள். ஈரக் களிமண் சுட்டு முடிவதற்குள் சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும், ஒவ்வொரு சூளைக்கும் அந்த அளவு சற்றே மாறும், நிறமும் மாறும். பின்னால் ஒரு கல் உடைந்தால் அதற்கு ஈடான இன்னொன்று கிடைப்பது அரிது. ஆகவே, சுடும்போதே கொஞ்சம் கூடுதலாகச் சுட்டு எடுத்து வைப்பது நல்லது.