ஈசோப்பு: பெயர் ஒன்று, செடி பல

விவிலியத்தைத் தமிழில் வாசித்த அங்கத்தினர்கள் ஈசோப்பு என்னும் சொல்லை அறிவர். அது ஏதோ ஒரு பூண்டு என்பதற்கு மேல் நம்மில் பலர் விசாரித்ததில்லை. எபிரெய மொழியில் ‘ஏசோவ்’ எனப்பட்ட அச்செடி கிரேக்கத்தில் ‘ஹிஸ்ஸோப்பொஸ்’ ஆயிற்று. பெயர் தேசம் விட்டுத் தேசம் சென்றபோது, செடி மாறிவிட்டது.

ஐரோப்பாவில் இன்று ஹிஸ்ஸோப் என விற்கப்படுவது நீலப்பூப் பூக்கும், முழங்கால் உயரக் குறுஞ்செடி, துளசிக் குடும்பத்தது. பாலஸ்தீன மலைகளில் அது தானாக முளைப்பதில்லை. ஆகவே பண்டை யூதர் கையாண்டது அதுவன்று என்பது தாவர அறிஞரிற் பெரும்பாலோரின் கருத்து. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சாதியா காவோன் என்னும் யூத அறிஞர், ஏசோவ் என்பதை அரபு மொழியில் ‘ஸஅத்தர்’ என்றே பெயர்த்தார். இந்த ஸஅத்தர், நாம் கதம்பத்தில் சேர்த்துக் கட்டும் மருவுக்கு நெருங்கிய உறவு. இலையைக் கசக்கினால் ஓமத்தையும் கற்பூரவல்லியையும் நினைவூட்டும் வாசனை எழும்; அம்மூன்றின் வாசனைச் சத்துகளும் ஒத்தவையே.

அதன் இலையில் மெல்லிய ரோமம் உண்டு. ஒரு கொத்தாகக் கட்டித் தோய்த்தால் நீரைப் பிடித்துக்கொள்ளும். தெளிப்பதற்கு அது ஏற்றதாயிருந்தமைக்கு இதுவே காரணமெனலாம். பஸ்கா இரவில் வாசற்கால்களில் இரத்தம் பூசியதும், குஷ்டம் நீங்கியவரைச் சுத்திகரிக்கும் சடங்கில் தெளித்ததும் இக்கொத்தினாலேயே. பின்னதில் கேதுருக் கட்டையும் சிவப்புச் சாயமேற்றிய நூலும் உடன் வேண்டும் என்பது நெசவாள அங்கத்தினர்களுக்குச் சுவையான செய்தியாகும்.

சடங்கு ஒருபுறமிருக்க, சமையலறையில் ஸஅத்தருக்கு உள்ள இடம் பெரிது. உலர்ந்த இலையை எள், உப்பு, சுமாக் என்னும் புளிப்புக் காய்த்தூள் ஆகியவற்றுடன் கலந்து, ஒலிவ எண்ணெயில் குழைத்து ரொட்டியில் தடவி உண்பர். நம் இட்லிப் பொடி போன்றதே. மலைச்சரிவில் இதைப் பறித்துவருவது பாலஸ்தீனக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். செடி அருகிவருகிறதென்று கூறி, 1977-ல் இஸ்ரேல் அரசு காட்டில் பறிப்பதைத் தடை செய்தது. பறித்துப் பிழைத்தவர்களுக்கு அது பேரிடியாயிற்று. இன்று வயலிலும் இது பயிராகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மிஷ்னா என்னும் யூத சட்ட நூலின் ஒரு விதி. கிரேக்க ஈசோப்பு, ரோம ஈசோப்பு, காட்டு ஈசோப்பு என அடைமொழியோடு வருவது எதுவும் சடங்குக்குச் செல்லாது. வெறும் ஈசோப்பே செல்லும். இருப்புப் பதிவேட்டையும் கிடங்கிலுள்ள சரக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் தொழிலிலுள்ள எனக்கு, அவ்விதியை எழுதியவர் நம் இனத்தவராகவே தோன்றுகிறார்.

யூனானி மருத்துவத்தில் இருமலுக்கும் சளிக்கும் வழங்கும் ‘ஜூஃபா’ என்பது ஹிஸ்ஸோப்தான். ஆயினும் அப்பெயரில் வேறொரு செடியும் கடைகளில் விற்கப்படுகிறது. ஐரோப்பிய ஹிஸ்ஸோப்பின் எண்ணெயோ, அளவு மீறி உட்கொண்டால் வலிப்பை உண்டாக்கும். ஆதலால் விதையோ எண்ணெயோ வாங்கும் அங்கத்தினர்கள் பட்டியலில் தாவரப் பெயரை எழுதித் தரும்படி கேட்கவேண்டும்: ஐரோப்பியச் செடி ‘ஹிஸ்ஸோபஸ் அஃபிஸினாலிஸ்’, ஸஅத்தர் ‘ஒரிகானம் சிரியாகம்’.