இரத்தம் ஐதாக்கும் குளிசையும் மறதியும்

"வாப்பாக்கு இப்ப மறதி கூடிட்டுது. இரத்தம் ஐதாக்கிற குளிசை தொடங்கின பிறகுதான் இப்படி. நிப்பாட்டிப் பாப்பமா?" வயோதிபர் உள்ள வீடுகளில் இப்படி ஒரு கேள்வி எழுவதுண்டு. விடை சொல்லுமுன் அந்தக் குளிசை எதற்காகத் தரப்பட்டது என்று பார்ப்போம்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருப்பதை வைத்தியர்கள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பர். நாடி பிடித்தால் துடிப்பு ஒரு கணக்கில்லாமல் இருக்கும். சிலருக்குப் படபடப்பு வரும், சிலருக்கு எதுவுமே தெரியாது. சரியாகச் சுருங்காத அறையில் இரத்தம் தேங்கிக் கட்டி பிடிக்கிறது. அது பெயர்ந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். மற்றவர்களைவிட இவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு.

பெரிய கட்டி கை காலை விழுத்திவிடும். சிறு கட்டிகளோ சத்தமில்லாமல் மூளையில் தழும்பு வைத்துவிட்டுப் போகும். பாரிசவாதமே வராதவர்களின் மூளையிலும் இத்தகைய தழும்புகளை சுவிட்சர்லாந்து ஆய்வொன்று ஸ்கேனில் கண்டது. தழும்பு இருந்தவர்கள் ஞாபகம், சிந்தனைச் சோதனைகளில் பின்தங்கினர். ஆக, மறதிக்கு நோயே ஒரு காரணமாகலாம்.

குளிசை உண்மையில் இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. உறைவதைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். வோபரின் 1954 முதல் மனிதருக்குப் பயன்படுகிறது. அபிக்ஸபான், ரிவரொக்ஸபான், டாபிகட்ரான் என்பன பிற்பாடு வந்தவை.

இவை மறதியைத் தடுக்குமா? சுவீடனில் இந்நோயுள்ள 4 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2018இல் ஓர் அறிக்கை வந்தது. மருந்து எடுத்தவர்களிடம் மறதி நோய் 29 வீதம் குறைவாக இருந்தது. ஆனால் இது பதிவேட்டுக் கணக்கு. ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு வைத்தியர்கள் இம்மருந்தைக் கொடுக்கத் தயங்குவார்கள். அதனாலும் வித்தியாசம் தோன்றலாம். பாரிசவாத ஆபத்துக் குறைந்த 1,235 பேரைக் கொண்டு கனடாவில் நடந்த பரிசோதனையின் முடிவு 2024இல் வெளியானது. ரிவரொக்ஸபான் எடுத்தவர்களுக்கும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் மூளைத் தளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விடயம் இதுதான்: பாரிசவாத ஆபத்து உள்ளவர் குளிசையைத் தொடர வேண்டும், பாரிசவாதத்தைத் தடுப்பதே மூளைக்குப் பெரிய காவல். ஆபத்துக் குறைந்தவர் மறதிக்குப் பயந்து மட்டும் இதைக் குடிக்கத் தேவையில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் வீட்டாரின் சந்தேகம் நியாயமானது. இக்குளிசை எடுப்பவர் விழுந்து தலை அடிபட்டால் மூளையைச் சுற்றி மெல்ல இரத்தம் கசியக்கூடும். சில நாள், சில கிழமை கழித்தும் தலையிடி, தடுமாற்றம், திடீர் மறதி தெரியலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மறதியுள்ளவர் கையில் குளிசைப் போத்தலைக் கொடுக்காதீர்கள். குடித்ததை மறந்து இன்னொன்று குடித்தால் இரத்தப்போக்கு, குடிக்க மறந்தால் கட்டி. டாபிகட்ரான் தவிர்ந்த குளிசைகளைக் கிழமைக்கு ஏழு அறையுள்ள குளிசைப் பெட்டியில் பிரித்து வைத்து, பிள்ளைகளில் ஒருவர் பொறுப்பெடுப்பது நல்லது.

வோபரின் எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். இரத்தச் சோதனையைத் தவறவிடக்கூடாது. பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். கீரை வகைகளை விலக்கத் தேவையில்லை, அளவைத் திடீரெனக் கூட்டிக் குறைக்காமல் இருந்தால் போதும். உடம்பு நோவுக்கு அஸ்பிரின், டைக்ளோபெனாக் போன்றவற்றைக் கேட்காமல் வாங்கிக் குடிக்காதீர்கள். ஹிஜாமா செய்ய முன்பும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நோன்பு காலத்தில் நேரங்களை நாமாக மாற்றக்கூடாது. அபிக்ஸபானும் டாபிகட்ரானும் நாளுக்கு இருமுறை. ரிவரொக்ஸபானை உணவோடு எடுக்க வேண்டும். ஸஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் இவற்றை எப்படிப் பொருத்துவது, நோன்பு பிடிக்க உடல்நிலை இடங்கொடுக்குமா என்பதை ரமழானுக்குச் சில கிழமை முன்பே கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.

"நிப்பாட்டிப் பாப்பமா?" என்ற கேள்வியையும் அங்கேயே கேட்க வேண்டும். வீட்டில் தீர்மானிக்கிற விடயமல்ல அது.