கிட்டார் வாத்தியாரைத் தேடுகிறீர்களா? சந்தேகங்களும் விளக்கங்களும்

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், கிட்டார் வகுப்பு பற்றிய விசாரிப்புகள் தொடங்கிவிடும். "பையன் கேட்டுக்கிட்டே இருக்கான், யாரிடம் சேர்ப்பது?" என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. பேஸ் கிட்டார் பற்றிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம். சென்னையை மனத்தில் வைத்து எழுதியிருந்தாலும் மதுரை, கோவை, திருச்சி வாசகர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இசைப் பள்ளியில் சேர்ப்பதா, தனி ஆசிரியரிடம் அனுப்புவதா?

பள்ளியில் நேர ஒழுங்கு இருக்கும், கூடப் படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், வருடத்துக்கு ஒரு முறை மேடையும் கிடைக்கும். ஆனால் ஒரு மணி நேர வகுப்பில் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தால், ஒருவருக்குக் கிடைப்பது ஏழரை நிமிடம். கிட்டாரில் ஆரம்பக் கோளாறுகள் எல்லாம் கையில்தான் வரும். மணிக்கட்டு மடங்குவது, விரல் படுத்துக்கொள்வது, தோள் விறைப்பது போன்றவற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவரால்தான் திருத்த முடியும். அதனால் முதல் ஆறு மாதமாவது தனி வகுப்பு நல்லது என்பது என் கருத்து. கை படிந்தபிறகு குழுவில் சேர்ந்தால் குழுவின் பலனும் கிடைக்கும்.

தனி ஆசிரியர் என்றால் ஏதோ இரண்டாம்பட்சம் என்று நினைக்க வேண்டாம். இளையராஜா மேற்கத்திய இசையைக் கற்றது தன்ராஜ் மாஸ்டர் என்ற தனி ஆசிரியரிடம்தான். ஏ.ஆர்.ரஹ்மானும் அவரிடம் பயின்றவர்.

நல்ல ஆசிரியரை எங்கே போய்த் தேடுவது?

இசைக்கருவிக் கடையில் விசாரிக்கலாம். விற்பனைக்கு நிற்பவரைவிட, உள்ளே உட்கார்ந்து கருவிகளைப் பழுது பார்ப்பவரிடம் கேட்பது நல்லது. ஊரில் யார் விடாமல் சொல்லிக்கொடுக்கிறார்கள், யாருடைய மாணவர்கள் நிலைத்து நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் 1842-இல் தொடங்கப்பட்ட கடை. இதுபோன்ற பழைய கடைகள் வகுப்புகளோடும் தேர்வுகளோடும் தொடர்பு உள்ளவை.

இன்னொரு இடம் தேவாலயம். தமிழ்நாட்டில் கிட்டாரும் பேஸும் வாசிக்கிற பலர் ஞாயிறு ஆராதனையில் வாசித்து வளர்ந்தவர்கள். பாடகர் குழுவில் வாசிப்பவரை அணுகி, "நீங்கள் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். மெல்லிசைக் குழுவினரிடமும் இதே கேள்வியைக் கேட்கலாம். "சொல்லித் தருவீர்களா?" என்று முதலில் கேட்டால் மரியாதைக்காகச் சரி என்று சொல்லிவிடக்கூடும். அவருடைய குரு யார் என்று கேட்டால் உங்களுக்கு இரண்டு பெயர் கிடைக்கும்.

ஒருவர் பிரமாதமாக வாசிக்கிறார். நன்றாகவும் சொல்லித்தருவார்தானே?

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வாசிப்பது ஒரு வித்தை, சொல்லிக்கொடுப்பது வேறு வித்தை. சென்ற ஆண்டு என் அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு ஆசிரியர்களிடம் மாதிரி வகுப்புக்குப் போனேன். முதலாமவர் அற்புதமான வாசிப்பாளர். நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் அவரே வாசித்தார். அவள் மடியில் கிட்டாரை வைத்தபடி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். படி இறங்கும்போது, "சார் சூப்பரா வாசிக்கிறார் சித்தப்பா" என்றாள். "நீ என்ன வாசிச்சே?" என்றதற்குப் பதில் இல்லை.

இரண்டாமவரின் கிட்டார் கடைசிவரை உறையைவிட்டு வெளியே வரவில்லை. முதலில் அவளையே சுருதி சேர்க்கச் சொன்னார். பிறகு அவளுக்குத் தெரிந்த ஒரே கார்டான 'சி'யைப் பிடிக்கச் சொல்லி, ஐந்தாவது கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக மீட்ட வைத்தார். முதல் கம்பி மட்டும் ஊமையாக இருந்தது. குனிந்து பார்த்தார். ஆள்காட்டி விரலின் சதை அதன்மேல் சாய்ந்திருந்தது. விரலை நுனியில் நிறுத்தச் சொன்னார். கழுத்துக்கு மேலே எட்டிப் பார்த்த கட்டைவிரலைப் பின்பக்கம் இறக்கச் சொன்னார். மறுபடி மீட்டினாள். கம்பி பேசியது. அவள் முகத்தைப் பார்த்ததுமே எங்கே சேர்ப்பது என்று முடிவாகிவிட்டது.

ஆகவே மாதிரி வகுப்பு இல்லாமல் யாரிடமும் சேராதீர்கள். கட்டணம் கேட்டால் கொடுத்துவிட்டே போங்கள், அது வீண் செலவு அல்ல. வகுப்பு முழுக்க யாருடைய கை அதிகம் வாசித்தது என்று பாருங்கள். மாணவருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டாரா, காலால் தாளம் போட்டு எண்ண வைத்தாரா, வீட்டில் எதை எத்தனை தடவை வாசிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக் கொடுத்தாரா என்றும் கவனியுங்கள். வகுப்பு நடக்கும்போது போனை நோண்டுகிறவர் வேண்டவே வேண்டாம்.

பேஸ் கற்றுக்கொள்ள கிட்டார் ஆசிரியரே போதாதா?

ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் நாள்பட ஓடாது. பேஸின் நான்கு கம்பிகளுக்கும் கிட்டாரின் கனத்த நான்கு கம்பிகளுக்குரிய அதே சுரங்கள்தான், ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரின் கனத்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 அதிர்வு என்றால் பேஸில் 41. பெயர்கள் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே கருவி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. கையில் எடுத்தால்தான் வித்தியாசம் தெரியும். கம்பியின் நீளம் கிட்டாரில் சுமார் இருபத்தைந்து அங்குலம், வழக்கமான பேஸில் 34 அங்குலம். விரல்களை அகட்டிப் பிடிக்க வேண்டும். வலது கையில் இரண்டு விரல்கள் மாறி மாறி நடக்க வேண்டும். வாசிக்காத கம்பிகள் தாமாக முனகாமல் இரண்டு கைகளாலும் அடக்கவும் பழக வேண்டும்.

இதைவிட முக்கியமானது காது. பேஸ் வாசிப்பவர் டிரம்ஸின் கிக் அடியோடு ஒட்டி நடக்க வேண்டும். ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் அங்கே கணக்கு. நல்ல பேஸ் ஆசிரியர் ஒரே ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு, மெட்ரோனோமோடு ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்வார். மாணவருக்கு அலுப்பாக இருக்கும், ஆனால் அஸ்திவாரம் அதுதான். கார்டின் முதல் சுரத்தை மட்டும் அடித்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்து நிறுத்துகிறவரிடம் ஆறு மாதத்துக்கு மேல் தங்க வேண்டாம்.

பேஸ் என்றால் பின்னால் நின்று தட்டிக்கொண்டிருப்பது என்று நினைக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. சசிதரன் பேஸ் வாசித்த இளையராஜா பாடல்களை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். பாடகருக்குக் கீழே இன்னொரு மெட்டு தன் வழியில் பாடிக்கொண்டே போகும். ரஹ்மான் இசையில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் மோகினி டேயையும் கேளுங்கள். பிள்ளை ஏன் அந்தக் கருவியைக் கேட்கிறான் என்பது புரியும். கிட்டார் படித்துவிட்டுத்தான் பேஸுக்கு வர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

உங்கள் ஊரில் பேஸ் ஆசிரியர் இல்லையா? அருகில் இருக்கும் கிட்டார் ஆசிரியரிடம் சுருதி, தாளம், கார்டு அமைப்பைக் கற்றுக்கொண்டு, மாதம் இரண்டு முறை வெளியூர் பேஸ் ஆசிரியரிடம் ஆன்லைனில் கையைக் காட்டித் திருத்திக்கொள்ளலாம்.

ஆன்லைன் வகுப்பில் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு, ஒரு குறையோடு. இணையத்தில் ஒலி வந்து சேரத் தாமதமாகும் என்பதால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கலாம், அவ்வளவுதான். தவிர, வீடியோ அழைப்புச் செயலிகள் கிட்டாரின் நீளும் நாதத்தை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். இரைச்சல் குறைப்பை அணைத்துவிடுங்கள். பேஸின் கீழ்ச் சுரங்கள் போன் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது, ஹெட்போன் அவசியம். கேமரா முகத்தைக் காட்ட வேண்டியதில்லை, இரண்டு கைகளும் தெரிந்தால் போதும்.

கிரேடு தேர்வுக்குத் தயார் செய்கிற ஆசிரியர்தான் நல்ல ஆசிரியரா?

லண்டன் ட்ரினிட்டி கல்லூரியின் தேர்வுகள் இங்கே பிரபலம். தொடக்க நிலையிலிருந்து எட்டாம் கிரேடு வரை உண்டு. கிளாசிக்கல் கிட்டாருக்கு ஒரு பாடத்திட்டம், ராக் அண்ட் பாப் பிரிவில் கிட்டாருக்கும் பேஸுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம். எதற்குத் தயார் செய்கிறார் என்பதைச் சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சினிமாப் பாட்டு வாசிக்க ஆசைப்படும் பிள்ளை கிளாசிக்கல் வகுப்பில் மாட்டிக்கொண்டு ஒரே வருடத்தில் கிட்டாரைப் பரணில் போட்ட கதைகள் நிறைய.

தேர்வு கெட்டதல்ல. வருடம் முழுக்க மூன்று பாடல்களை மட்டும் உருப்போட்டுச் சான்றிதழ் வாங்குவதுதான் கெட்டது. மூன்றாம் கிரேடு முடித்த ஒரு பையனிடம் எளிய பாட்டு ஒன்றுக்குக் கார்டு போடச் சொன்னேன், முடியவில்லை. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

கட்டணம் நியாயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாதக் கட்டணத்தைப் பார்க்காதீர்கள், மணிக் கணக்கைப் பாருங்கள். மாதம் 3,000 ரூபாய்க்கு முக்கால் மணி நேர வகுப்புகள் நான்கு என்று வைத்துக்கொள்வோம். 2,000 ரூபாய்க்கு அரை மணி நேர வகுப்புகள் நான்கு என்றாலும் மணிக்கு அதே 1,000 ரூபாய்தான். ஆசிரியர் வராத நாளுக்கு ஈடு வகுப்பு உண்டா, நீங்கள் வராவிட்டால் எத்தனை மணி நேரம் முன்னதாகச் சொல்ல வேண்டும் என்பதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாக முன்பணம் கட்ட வேண்டாம். எனக்குத் தெரிந்த குடும்பம் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு ஒரு பயிற்சி நிலையத்தில் வருடப் பணம் கட்டியது. நான்காம் மாதம் கதவு பூட்டியிருந்தது, கையில் ரசீதும் இல்லை. ரசீது இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம்.

பெண் குழந்தையைத் தனி வகுப்புக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

ஆண் குழந்தைக்கும் அதே அக்கறை வேண்டும். கிட்டார் கற்பிக்கும்போது கையைத் தொட்டுத் திருத்த வேண்டியிருக்கும். "தொடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுபவரே நல்ல ஆசிரியர். சொல்லியும் செய்து காட்டியுமே பெரும்பாலானதைத் திருத்திவிடலாம். கதவு திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வந்து உட்காரலாம் என்ற ஏற்பாடு இருக்க வேண்டும். இதற்கு முகம் சுளிப்பவரிடம் சேர்க்காதீர்கள். குழந்தை திடீரென்று வகுப்புக்குப் போக மறுத்தால் சோம்பல் என்று திட்டாமல் காரணம் கேளுங்கள். உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இரு பாலினக் குழந்தைகளுக்கும் பொருந்தும்.

கிட்டாரை முதலிலேயே வாங்கிவிடலாமா?

ஆசிரியரைப் பார்த்த பிறகு வாங்குங்கள். சின்னக் குழந்தைக்கு முக்கால் அளவு கிட்டாரும் நைலான் கம்பியும் ஏற்றவை. கம்பி மிக உயரமாக நிற்கும் மலிவுக் கிட்டார் விரலைப் புண்ணாக்கிவிடும். அது மாணவரின் தவறாகத் தெரியும், உண்மையில் கருவியின் தவறு. ஏற்கெனவே வீட்டில் கிட்டார் இருந்தால் மாதிரி வகுப்புக்கு அதையே எடுத்துப் போங்கள். நல்ல ஆசிரியர் முதலில் அதை வாங்கி, கம்பி உயரத்தையும் சுருதியையும் பார்ப்பார்.

எனக்கு 52 வயது. சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். விரல் நுனி முதல் சில வாரம் வலிக்கும், பிறகு தோல் தடித்துவிடும். தினம் இருபது நிமிடம் ஒதுக்க முடியுமானால் தயங்காமல் போங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் மாலை நேரங்கள்தான் ஆசிரியர்களிடம் முதலில் நிரம்பும். காலை பத்து மணிக்கு வர முடியும் என்று சொல்லிப் பாருங்கள், இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.