பீலிக்கு மேலுள்ள காட்டைப் பேணுவோம்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலே பல லயங்களுக்கு நீர் தருவது பீலியே ஆகும். பீலியில் நீர் குறைந்தால் குழாயைச் சோதிக்கிறோம். தொட்டியைத் துப்புரவு செய்கிறோம். இவை வேண்டியவையே. ஆயினும், அந்நீர் எங்கிருந்து வருகின்றது என அறிய மேலே ஏறிச் சென்று பார்ப்போர் மிகச் சிலர். சென்று பார்ப்பின், இரண்டு தேயிலை மலைகளுக்கு இடையேயுள்ள பள்ளத்தில் ஒரு துண்டுக் காடு இருப்பதைக் காணலாம். சில இடங்களில் அது அரை ஏக்கருக்கும் குறைந்ததாக இருக்கும். அத்துண்டுக் காடே பீலியின் தாய்வீடு.

அக்காட்டைத் தோட்ட மக்கள் தாமாகவே ஒன்றுகூடித் தொண்டாகப் பேணும் முறையை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப் பொழுதும், பத்துப் பேரின் உழைப்பும், சிறிது பொறுமையும் போதும். இவற்றுள் பொறுமையே முதன்மையானது. அதன் காரணம் பின்னர் கூறப்படும்.

காடு நீரைக் காக்கும் விதம்

காடு மழையை உண்டாக்குகின்றது என்று எண்ணி இதைச் செய்ய வேண்டியதில்லை. பெய்த மழையை விரைந்து ஓடவிடாது தடுப்பதே காட்டின் வேலை. வெறுந்தரையில் விழும் மழைத்துளி மண்ணைக் கலக்கி, கான்வழியே ஓடிவிடுகின்றது. காட்டிலோ அது முதலில் இலையில் விழுந்து, கிளைவழி இறங்கி, பாசியில் ஊறி, சருகில் தங்கி, வேர்கள் துளைத்த மண்ணினுள் மெதுவாகப் புகுகின்றது. அங்ஙனம் புகுந்த நீரே மழையற்ற மாதங்களில் ஊற்றாகக் கசிகின்றது. உயரமான மலைகளில் மூடுபனியின் ஈரமும் பாசி படர்ந்த கிளைகளில் தங்கிச் சொட்டுகின்றது.

மரவேர்கள் மேல்மண்ணையும் பிடித்து நிற்கின்றன. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை நாம் மறக்கலாகாது. எல்லாச் சரிவையும் மரங்கள் தடுத்துவிடும் என்று கூறுவது தவறு. ஆழத்திலிருந்து பெயரும் மலையை எந்த வேரும் நிறுத்தாது. ஆயினும் ஓடைக்கரையை மொட்டையாக்குவது உள்ள ஆபத்தை மேலும் கூட்டுவதாகும்.

எஞ்சி நிற்கும் காடு

கோப்பிப் பயிருக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் இம்மலைகளின் காடுகள் அழிக்கப்பட்டன. 1867 ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869 ஆம் ஆண்டு தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் தேயிலை எங்கும் பரவிற்று. 1873 ஆம் ஆண்டு தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழியாது காக்க வேண்டும் என ஆலோசனை கூறினார். அவ்வாலோசனை ஏற்கப்பட்டமையால் உச்சிமலைக் காடுகள் பலவும் எஞ்சின. ஹோர்ட்டன் சமவெளி 1988 ஆம் ஆண்டு தேசிய பூங்காவாக்கப்பட்டது. அதனுடன் சிவனொளிபாத மலைக் காடும் நக்கிள்ஸ் மலைக் காடும் சேர்த்து 2010 ஆம் ஆண்டு உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டன.

பெரிய காடுகளைக் காக்கத் திணைக்களங்கள் உண்டு. தோட்டத்தினுள் பள்ளங்களிலும் பாறை இடுக்குகளிலும் நிற்கும் துண்டுக் காடுகளைக் காக்க அங்கு வாழ்வோரே உளர். கீனா, காட்டு நாவல், காட்டுச் செண்பகம், மரப்பன்னம் முதலிய சுதேச மரஞ்செடிகள் இத்துண்டுகளில் இன்றும் உள்ளன. நெல்லு எனப்படும் குறிஞ்சி இனங்களும் இவற்றின் நிழலில் வளர்கின்றன. விதை தருவனவும், பறவைகளுக்கும் குரங்குகளுக்கும் வழியாக அமைவனவும் இவையே.

காட்டுக்குப் பகையான செடிகள்

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சில செடிகள் இங்கே எதிரியின்றிப் பெருகிவிட்டன. அவற்றுள் இரண்டை அறிந்துகொள்க.

முதலாவது யூலெக்ஸ். முள் நிறைந்தது, மஞ்சட் பூப் பூப்பது. ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளிகளில் இது பரவியதனால், வனசீவராசிகள் திணைக்களத்தினருடன் தொண்டர் குழுக்களும் சேர்ந்து இதனைப் பிடுங்கி வந்துள்ளனர். இதன் காய் வெடித்து விதையைத் தூர எறியும். விதை மண்ணுள் பல ஆண்டுகள் உயிருடன் கிடக்கும்; தீ வைத்தால் முன்னிலும் மிகுதியாக முளைக்கும். ஆகவே ஒரு முறை பிடுங்கிய இடத்துக்கு ஆண்டுதோறும் திரும்பிச் செல்லுதல் வேண்டும். ஒருநாட் சிரமதானத்துடன் இவ்வேலை முடிந்துவிடாது.

இரண்டாவது உண்ணிச்செடி. தோட்ட ஓரங்களில் இதனை அறியாதார் இலர். 1826 ஆம் ஆண்டு அழகுச் செடியாகப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது. பறவைகள் இதன் பழத்தைத் தின்று எங்கும் பரப்புகின்றன. மேலே வெட்டினால் அடியிலிருந்து பன்மடங்கு துளிர்க்கும்.

நல்ல இடத்திலிருந்து தொடங்குக

இனி இப்பிரசுரத்தின் முக்கியமான பகுதிக்கு வருகின்றோம். களை பிடுங்குவது உங்களுக்குப் புதிதன்று. தேயிலை மலையில் ஒரு புல்லும் விடாது சுரண்டி எடுப்பதையே நல்ல வேலை என்று பழகியிருக்கிறோம். காட்டில் அம்முறை தீமை பயக்கும்.

இதனை இந்நூலாசிரியன் பட்டறிந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஓடைக்கரையில் நாற்பது தொண்டர்களைக் கொண்டு உண்ணிப் புதர் முழுவதையும் ஒரே நாளில் வெட்டி எறிவித்தேன். மாலையில் பார்க்க அழகாக இருந்தது. அடுத்து வந்த பெருமழையில் கரைமண் ஓடைக்குள் இறங்கிற்று. கீழேயுள்ள பீலியில் பல நாள் கலங்கல் நீர் வந்தது. அந்நீரைக் குடிக்க வேண்டியிருந்தோர் அத்தொண்டர்களின் பிள்ளைகளே. ஆண்டு முடியுமுன் உண்ணி முன்போல் மூடிவிட்டது. உழைப்பில் குறையில்லை, முறையில் குறை.

சரியான முறையை அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்னும் சகோதரிகள் இருவர் 1960 களில் தம் வீட்டருகேயிருந்த காட்டில் செய்து கண்டனர். அவர்களுடைய விதிகள் மூன்று.

1. காடு நன்றாக உள்ள இடத்தில் தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கி மெல்லச் செல்லுக.

2. மண்ணை இயன்றவரை கிளறாதீர். கிளறிய இடத்தைச் சருகினால் மூடுக.

3. சுதேசச் செடிகள் எழும் வேகத்துக்கு மேற்படக் களையை அகற்றாதீர்.

காரணம் எளிது. நல்ல காட்டின் ஓரத்தில் சுதேச மரங்களின் விதை ஏற்கெனவே மண்ணில் விழுந்து கிடக்கின்றது. அங்கே களையை நீக்கி ஒளி புகவிட்டால் அவ்விதை முளைத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். புதரின் நடுவிலோ களையின் விதையே மிகுதி. ஆகவே அங்கே தொடங்கினால் நாம் களைக்கே பாத்தி கட்டியவராவோம்.

மிகவும் கெட்டுப்போன இடங்களில் மட்டும் நாற்று நடுதல் வேண்டும். தமிழ்நாட்டில் ஆனைமலையைச் சேர்ந்த வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேசன் என்னும் அமைப்பு இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் தோட்டக் கம்பனிகளுடன் இணைந்து அவ்வாறு செய்து வருகின்றது. அம்மலைக்கே உரிய மரங்களின் விதையைச் சேர்த்துத் தவறணையில் வளர்த்து, சிதைந்த துண்டுக் காடுகளில் நடுகின்றனர். நமது தோட்டங்களைப் போன்ற தோட்டங்களில் இது நடைபெறுவதால் நாமும் செய்யக்கூடியதே.

வேலை செய்யும் முறை

முதல் நாள் எதையும் வெட்டாது காட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். ஊற்று எங்கே, நல்ல மரங்கள் எங்கே, களை எங்கே என ஒரு தாளில் வரைந்துகொள்க. கொழுந்தையும் முற்றிய இலையையும் ஒரே பார்வையிற் பிரித்தறியும் பெண்கள், சுதேசக் கன்றுகளையும் விரைவில் இனங்காண்பர். வேலைக்கு அவர்களை முன்னிறுத்துதல் நன்று. காக்க வேண்டிய கன்று ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சி நாட்டுக.

பின்னர், நல்ல காட்டின் ஓரத்தை ஒட்டிப் பத்து அடிக்கு மேற்படாத அகலத்தில் களை எடுக்கவும். சிறு செடிகளை மண் ஈரமாயிருக்கும்போது கையாற் பிடுங்கலாம். பெரிய உண்ணிச்செடியாயின், தண்டு மண்ணைத் தொடும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வேரை அறுத்துச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். அப்போது மீண்டும் வேர்கொள்ளாது. செங்குத்தான கரையில் வேரைத் தோண்டாது அடியில் வெட்டி, துளிரை மாதந்தோறும் கிள்ளி வருக. ஊற்றைச் சுற்றிக் களைநாசினி தெளித்தல் கூடாது. தீ வைத்தல் எவ்விடத்தும் கூடாது.

பழைய இடத்தில் சுதேசக் கன்றுகள் முழங்கால் உயரம் எழுந்தபின்பே அடுத்த பத்து அடிக்குச் செல்க. ஓராண்டில் கால் ஏக்கர் கூட முடியாமற் போகலாம். அதனால் மனந்தளர வேண்டா. மெதுவாகச் செய்த கால் ஏக்கர் நிலைத்து நிற்கும்.

தவறணையும் நடுகையும்

நாவல் இனம், கீனா முதலியவற்றின் விதை காய்ந்தால் முளைக்குந் தன்மையை இழந்துவிடும். ஆகையால் கீழே விழுந்த புதுப்பழத்தை எடுத்து, சதையை நீக்கி, உடனே பையில் ஊன்றி நிழலில் வைக்கவும். ஒரே மரத்தின் விதையை மட்டும் சேர்க்காது பல மரங்களிலிருந்து சேர்த்தல் வேண்டும். அட்டன், மஸ்கெலியாப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலத்தில் நடுதல் நன்று. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழுவதால், இளங்கன்றுகளுக்குப் பன்னத் தழை குத்தி நிழல் செய்க. ஊற்றுக்கு அண்மையில் யூக்கலிப்டஸ் மரத்தை நடலாகாது; அது மிகுந்த நீரை உறிஞ்சும்.

கம்பிச் சுருக்கை அகற்றுக

காட்டைப் பேணுவோர் மரத்தை மட்டும் பேணினாற் போதாது. 2020 ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உடவளவைக்குக் கொண்டுசென்று மருத்துவஞ் செய்தும் அது மே 29 ஆந் திகதி இறந்தது.

காட்டுப்பன்றி மரக்கறிப் பாத்தியை ஓர் இரவில் அழித்துவிடும் என்பதையும், சிறு வருவாயுள்ள குடும்பத்துக்கு அது பெரு நட்டம் என்பதையும் அறிவோம். ஆயினும் சுருக்கு ஆளறியாது இறுகும். பன்றிக்கு வைத்தது சிறுத்தையையும் மரையையும் வீட்டு நாயையும் கொல்லும். வைத்தவர் சட்டத்தின் முன் நிற்க நேரும். பாத்திகளைச் சிதறலாக அமைக்காது ஓரிடத்தில் சேர்த்துப் பொது வேலி அடைத்தலும், முறைவைத்து இரவுக் காவல் இருத்தலும், கழிவு மரக்கறியை வெளியிற் குவிக்காதிருத்தலும் மேலான வழிகள். தொண்டர்கள் காட்டினுள் கம்பியைக் கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கவும். விலங்கு அகப்பட்டிருப்பின் எவரும் அருகே செல்லாது, கூட்டம் கூடாது, உடனே அறிவிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

தோட்டக் காட்டில் வேலை தொடங்குமுன் தோட்ட முகாமையாளரிடம் எழுத்தில் அனுமதி பெறுக. ஒதுக்கக் காட்டிலும் தேசிய பூங்காவிலும் உரிய திணைக்களத்தின் அனுமதியும் அலுவலரின் துணையும் இன்றி விதையோ செடியோ எடுத்தல் குற்றமாகும். வேலைக்குமுன் ஒருவர் முன்சென்று குளவிக்கூடு உண்டா எனப் பார்த்து வருதல் கட்டாயம். கூடு இருப்பின் அன்று அவ்விடத்தை விட்டு விலகுக. பெருமழை நாளிலும், நிலத்தில் புதிய வெடிப்புத் தோன்றியபோதும் சரிவில் நிற்கலாகாது. வேலை முடிந்ததும் சப்பாத்தையும் கருவிகளையும் கழுவுக. களைவிதை அவற்றில் ஒட்டிவரும்.

தோட்ட மக்களே! நீங்கள் பேணும் நிலம் உங்கள் பெயரில் இல்லாதிருக்கலாம். ஆயினும் அந்நிலத்திலிருந்து இறங்கும் நீர் உங்கள் வீட்டுக் குடத்திலேயே விழுகின்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து பீலியின் மேலே ஏறிப் பாருங்கள். கத்தி வேண்டா, ஒரு தாளும் பென்சிலும் போதும். மேலும் விளக்கம் வேண்டின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் காண்க.