கல்லறைத் திருநாளும் அதன் தமிழும்

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாளைக் கத்தோலிக்கத் திருச்சபை, இறந்த விசுவாசிகள் அனைவரையும் நினைவுகூரும் நாளாகக் கொண்டுள்ளது. அதற்கு முந்திய நாள் புனிதர் அனைவரின் பெருவிழா. விண்ணகம் சேர்ந்தோரை முதல் நாள் போற்றி, அங்குச் சென்றுசேர வேண்டியவர்களுக்காக மறுநாள் மன்றாடுவது இவ்வரிசையின் பொருள். பிரான்சு நாட்டுக் குளுனி மடத்தின் தலைவராயிருந்த புனித ஓடிலோ, 10ஆம் நூற்றாண்டு முடிந்து 11ஆம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தையொட்டித் தம் ஆளுகைக்குட்பட்ட மடங்களில் இந்நாளை ஏற்படுத்தினார். பிற்காலத்தில் அது மேலைத் திருச்சபை முழுவதற்கும் பொதுவாயிற்று. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், அந்நாளில் குரு ஒவ்வொருவரும் மூன்று திருப்பலி நிறைவேற்றலாம் எனத் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் இசைவளித்தார்.

தமிழில் இந்நாளுக்குப் பெயர் பல. பழைய வழக்கில் அது சகல ஆத்துமாக்கள் திருநாள். இன்றைய வழிபாட்டு நாட்காட்டியில் இறந்த விசுவாசிகள் அனைவர் நினைவு. மக்கள் நாவில் நிலைத்திருப்பதோ கல்லறைத் திருநாள் என்பதே. கல்லால் ஆகிய அறை என்னும் வெளிப்படையான சொல்லுடன் திருநாள் என்னும் மங்கலச் சொல்லைச் சேர்த்து வழங்க நம் மக்கள் சற்றும் தயங்கவில்லை. வேற்றுச் சமயத்து நண்பர்கள் இதைக் கேட்டு வியப்பதுண்டு. கல்லறையைத் துப்புரவு செய்து, சுண்ணாம்பு பூசி, மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, குருவானவர் தீர்த்தம் தெளித்து மந்திரித்துச் செல்லும்வரை குடும்பம் முழுவதும் அங்கேயே நின்றிருந்த ஊர்களில் பிறந்த பெயர் அது. அங்கே திருநாள் என்பது இடத்தோடு பிணைந்தது. பாட்டனார் எங்கே கிடக்கின்றார் என்பதைப் பேரன் காலால் நடந்து அறிந்தான்.

சிங்கப்பூரில் அவ்விடம் நிலைத்து நிற்கவில்லை. ஓஃபியர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து மாதா ஆலயம் 1888இல் கட்டி முடிக்கப்பட்டு இன்றும் வழிபாட்டில் உள்ளது. ஆயின் அவ்வாலயத்தில் திருமுழுக்குப் பெற்று மணம் புரிந்த முற்தலைமுறையினரின் கல்லறைகளை இன்று தேடிச் செல்ல இயலாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்ட பிடாதாரி இடுகாடு 1972இல் அடக்கங்களுக்கு மூடப்பட்டது. இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் அங்கிருந்த கல்லறைகள் தோண்டப்பட்டு எச்சங்கள் அகற்றப்பட்டன. அந்நிலத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. அடக்கத்திற்கு இன்று திறந்திருப்பது சுவா சூ காங் ஒன்றே. 1998 முதல் அங்கு ஒரு கல்லறைக்குரிய காலம் 15 ஆண்டுகள். காலம் முடிந்ததும் எச்சம் தோண்டி எடுக்கப்படும். கத்தோலிக்கராயின் அது எரியூட்டப்பட்டு, சாம்பல் மாடத்தில் வைக்கப்படும். சிறு தீவில் உயிரோடிருப்போருக்கும் இடம் வேண்டுமன்றோ என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. கல்லறைத் திருநாள் என்ற சொல்லில் கல்லறை என்ற பாதி மெல்ல மெல்லக் கரைந்துவருகின்றது என்பதையே சுட்ட விரும்புகின்றோம்.

எரியூட்டல் கத்தோலிக்கர்க்குப் புதிது. 1963இல்தான் திருச்சபை அதற்கு இசைவளித்தது. உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கம் இருத்தலாகாது என்பது நிபந்தனை. 2016ஆம் ஆண்டு அறிவுரை, சாம்பலை வீட்டில் வைத்தல், காற்றிலோ நீரிலோ தூவுதல், உறவினர் பங்கிட்டுக்கொள்ளுதல் ஆகியவற்றை விலக்கி, புனிதமான ஓரிடத்தில் வைக்கப் பணித்தது. காரணத்தை நாம் கருதிப் பார்த்தல் தகும். சாம்பல் வீட்டிலிருந்தால் இறந்தவர் அக்குடும்பத்திற்கு மட்டுமே உரியவர் ஆகிவிடுவார். அக்குடும்பம் இடம்பெயர்ந்தால், அல்லது வழியற்றுப் போனால், அவரை நினைப்பார் இல்லாது போவர். பொது இடத்தில் இருந்தாலோ முன்பின் அறியாதவரும் அவ்வழியே செல்கையில் ஒரு செபம் சொல்லிச் செல்வர்.

இடம் நிலையாத நாட்டில் நினைவு எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? சொல்லைப் பற்றிக்கொண்டே நிற்கும் என்பது நம் கருத்து. தமிழ்க் கத்தோலிக்கரின் நீத்தார் வழிபாட்டில் சில சொற்கள் கல்வெட்டைக் காட்டிலும் ஆழமாகப் பொறிக்கப்பட்டவை. அவற்றுள் சிலவற்றை இங்கு எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சிறிய உருபு. தமிழர் தம் முன்னோர்க்குப் படையலிடுவர். ‘அப்பாவுக்குப் படைத்தோம்’ என்பது தொன்றுதொட்டு வரும் வழக்கு. உண்பவரும் ஏற்பவரும் அங்கே முன்னோரே. கத்தோலிக்கக் குடும்பமோ ‘அப்பாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தோம்’ என்று சொல்லும். ‘கு’ உருபின்பின் வந்த ‘ஆக’ என்னும் ஒட்டு இங்கு ஒரு சமயக் கொள்கையையே சுமந்து நிற்கின்றது. பலியை ஏற்பவர் இறைவன். அதன் பயன் செல்ல வேண்டிய இடம் இறந்தவர். கொடுப்பது உயிரோடிருக்கும் குடும்பம். மூவரும் ஒரே தொடரில் தம்தம் இடத்தில் நிற்கின்றனர். மறைக்கல்வி வகுப்பில் பல பக்கங்களில் விளக்கப்படுவதை நம் பாட்டிமார் வேற்றுமை பிழையாமல் பேசியே காத்துவந்தனர். படத்திற்கு மாலை அணிவித்து, விளக்கேற்றி, இறந்தவருக்கு விருப்பமான பலகாரத்தை அன்றைக்குச் சமைக்கும் அதே வீட்டில் இவ்வேறுபாடும் காக்கப்பட்டது. மாலையும் விளக்கும் மதிப்பின் அடையாளம்; மன்றாட்டு இறைவனை நோக்கியது. சீனக் கத்தோலிக்கர் தம் முன்னோர் பெயர்ப்பலகை முன் தலைவணங்குவது குடிமுறை மதிப்பே எனத் திருச்சபை 1939இல் ஏற்றுக்கொண்டதும் இதே நோக்கில்தான். ஒரே பங்கில் சீனரும் தமிழரும் அருகருகே வழிபடும் நம் நாட்டில் இச்செய்தி இருசாராருக்கும் பயன்படும்.

பூசை என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியரின் ‘மிஸ்ஸா’ என்ற சொல்லே திரிந்து வழங்கியதாகவும், அது தமிழ்ச் செவிக்கு மீசை என ஒலித்ததால், 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் பூசை என்று மாற்றியதாகவும் கூறுவர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின்பின் தாய்மொழி வழிபாடு வந்தபோது திருப்பலி என்ற சொல் முன்னிடம் பெற்றது. இன்று அறிவிப்புப் பலகையில் நினைவுத் திருப்பலி; வீட்டுப் பேச்சில் ‘முப்பதாம் நாள் பூசை’. இரண்டும் வாழ்வதில் குறையொன்றுமில்லை.

அடுத்து, உத்தரிக்கிற ஸ்தலம். இறந்தோர் தூய்மை பெறும் நிலையைக் குறிக்கப் பழந்தலைமுறை கையாண்ட தொடர் இது. உத்தரித்தல் என்றால் துன்பத்தைத் தாங்கி ஈடுசெய்தல். ‘இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் உத்தரிக்கிறேன்’ என்று சலிப்போடு சொல்லும் தாயின் வாயிலும் அச்சொல் இருந்தது. ஆதலின் உத்தரிக்கிற ஆத்துமா என்றவுடன் கேட்போர் நெஞ்சில் ஒரு நெகிழ்ச்சி பிறந்தது. பிற்கால நூல்கள் ஸ்தலத்தை நீக்கி உத்தரிப்பு நிலை என்றும், தூய்மை பெறும் நிலை என்றும் எழுதலாயின. இடம் என்று எண்ணுவதைவிட நிலை என்று எண்ணுவதே இறையியலுக்கு ஏற்றது என்பதால் ஸ்தலம் நீங்கியது சரியே. ஆனால் உத்தரித்தல் என்ற வினை நீங்கியது இழப்பு என்றே கொள்கின்றோம். தூய்மை என்பது துணிக்கும் பாத்திரத்திற்கும் பொது. உத்தரித்தல் உயிருக்கே உரியது.

இவற்றினும் அருமையானது இளைப்பாற்றி என்னும் சொல். இலத்தீனில் இறந்தோருக்கான திருப்பலி ‘ரெக்குயம்’ என்ற சொல்லோடு தொடங்கியது. ஓய்வு என்பது அதன் பொருள். இசை உலகம் அறிந்த ரெக்குயம் இசைப்படைப்புகளுக்குப் பெயர் வந்ததும் அதனாலேயே. நம் முன்னோர் அதற்கு ஓய்வு என்றோ உறக்கம் என்றோ எழுதவில்லை. நித்திய இளைப்பாற்றி என்றனர். இளைப்பு, நடந்து களைத்தவனின் சோர்வு. இளைப்பாறுதல் அவன் தானே செய்துகொள்வது. ஆறுதலுக்கும் ஆற்றுதலுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம்: புண் ஆறும், மருந்து அதை ஆற்றும். இளைப்பாற்றி என்பதில் இருப்பது பிறவினை. இறுதியில் நிற்கும் இகரம் செய்பொருளைக் குறிக்கும் விகுதி. மண்வெட்டி, சுமைதாங்கி என்பவற்றில் உள்ளதும் இதுவே. ஆகவே இளைப்பாற்றி, களைத்தவனின் களைப்பைப் போக்கும் ஒன்று. இறந்தவர் தாமாக அதை அடைவதில்லை, ஒருவர் தர வேண்டும் என்ற கருத்து சொல்லின் அமைப்பிலேயே உள்ளது.

சுமைதாங்கி என்றவுடன் மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. வழிப்போக்கர் தலைச்சுமையை இறக்கிவைக்கச் சாலையோரம் நட்ட கல் அது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் அதை நட்டு வைப்பது தமிழ்நாட்டு வழக்கம். இறக்கிவைக்க முடியாத சுமையோடு போனவள் பெயரால் பிறர் சுமை இறங்கியது. கத்தோலிக்க வழிபாட்டிலிருந்து பிறந்த வழக்கம் அன்று அது. ஆயினும் இளைப்பாற்றி என்ற சொல்லை ஆக்கியவர் காதில் அவ்வுலகின் ஓசை விழுந்திருக்கும் என எண்ண இடமுண்டு. நாளிதழ் இரங்கல் விளம்பரங்களில் எச்சமயத்தவர்க்கும் பொதுவாக ‘ஆத்மா சாந்தியடைய’ என்று இடப்படும் தொடரைக் கத்தோலிக்கக் குடும்பங்களும் இன்று எழுதுகின்றன. பிழையில்லை. தம் கையில் இருக்கும் சொல்லை விடுத்து இரவல் வாங்குவானேன் என்று மட்டும் கேட்கலாம்.

இனிப் பெயர்கள். நவம்பர் மாதத்தில் இறந்தோர் பெயர்களை எழுதிக் கொடுப்பதும், அவற்றைப் பீடத்தருகே வைத்து மாதம் முழுவதும் மன்றாடுவதும் பல பங்குகளில் உள்ள வழக்கம். இப்பட்டியல்களில் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை, ஞானப்பிரகாசம், சவரிமுத்து என்ற பெயர்கள் இன்றும் வரும். இவற்றை வெறும் தமிழ்ப் பெயர் என இளையோர் எண்ணுகின்றனர். உண்மையில் இவை திருமுழுக்குப் பெயர்கள். இராயப்பர் என்பவர் பேதுரு, சின்னப்பர், பவுல், அருளப்பர், யோவான், சூசையப்பர், யோசேப்பு, ஞானப்பிரகாசியார், அலோசியஸ், சவேரியார், சவரியாகிச் சவரிமுத்தானார். பவுலுஸ் என்ற இலத்தீன் பெயரின் பொருள் ‘சிறியவர்’. அதைத் தமிழாக்கிச் சின்னப்பர் என்றனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கரும் பிற சபையினரும் ஒன்றாக வாசிக்கும் பொருட்டுப் பேதுரு, பவுல், யோவான் என்ற வடிவங்களை ஏற்றது. ஒற்றுமை கருதிச் செய்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதன் விளைவாக, தாத்தா சின்னப்பனுக்கும் வாசகத்தில் கேட்கும் பவுலுக்கும் உறவுண்டு என்பது பேரனுக்குத் தெரியாமற் போயிற்று. தாத்தாவின் திருநாள் எது என்பதும் உடன் மறைந்தது. இறந்த நாளில் மட்டுமின்றி, பெயர்கொண்ட புனிதரின் நாளிலும் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்த குடும்பங்கள் முன்பு இருந்தன.

சாம்பல் மாடத்தின் முகப்புப் பலகை மிகச் சிறியது. அதில் படம், பெயர், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு சிலுவை என்பவற்றிற்கே இடம் போதும். பெரும்பாலும் உரோமன் எழுத்தில் பெயர் பொறிக்கப்படுகின்றது. அடையாள அட்டையில் உள்ளவாறே, தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கி. 19ஆம் நூற்றாண்டுப் பதிவேட்டில் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தம் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல், மூன்று தலைமுறை கடந்து, பளிங்கிலும் ஏறிவிடுவது உண்டு. அப்பெயரை நவம்பரில் ஒலிபெருக்கியில் வாசிக்கும் இளைஞர், ஞானப்பிரகாசத்தை எங்கே பிரிப்பது எனத் தெரியாது தடுமாறுகின்றார். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்குத் தம் கணவர் பெயர் வாசிக்கப்பட்டதா என்ற ஐயம் எழுகின்றது.

தமிழ் வழிபாடு நடக்கும் பங்குகளில் பெயர்ப் பட்டியல் தாளை உரோமன் எழுத்தோடு தமிழிலும் நிரப்பக் கேட்பது கடினமான செயலன்று. நிரப்பும்போது பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒருசேர அமர்தல் நன்று. சூசை யார், அருளப்பர் யார் என்ற கேள்வி அப்போது தானே எழும். மாடத்திற்குப் பலகை செய்யக் கொடுக்கையில் பெயரைத் தமிழிலும் எழுதித் தந்து, பொறிக்குமுன் அச்சுப்படியைக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சரிபார்த்தல் வேண்டும். னகர ணகரமும் ரகர றகரமும் கல்லில் ஏறியபின் திருத்த முடியாதவை.