உத்தியறிவும் உடைமையும்: கடதாசி விளையாட்டில் மறைப்பும் பகிர்வும் பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு ஆய்வுக்குரிய பொருளன்று என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. அதிலும் கடதாசி விளையாட்டு, வீண்பொழுது என்றும் சூது என்றும் ஒதுக்கப்பட்டே வந்துள்ளது. ஆயின், அறிவு யாருக்கு உரியது, அதனைக் கண்டறிந்தவர் மறைத்து வைத்துப் பயன்பெறுவதா அன்றி யாவர்க்கும் பொதுவாக்குவதா என்னும் வினா, கடதாசி மேசையில் மிகத் தெளிவான வடிவில் எழுகின்றது. பிறிட்ஜ், பிளாக்ஜாக் என்னும் இரு விளையாட்டுகளின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் மறைப்பு என்பதன் இருவகைப் பொருளை வேறுபடுத்திக்கொள்ளல் வேண்டும். நம் நாட்டிற் பரவலாக ஆடப்படும் முந்நூற்று நான்கு என்ற விளையாட்டை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். கேள்வியை வென்றவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். அது எதுவென அவருடைய துணைவர்கூட அறியார். இம்மறைப்பு விளையாட்டின் விதி. ஆனால், இருவர் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு கண்சாடையாலோ இருமலாலோ தம் கையிலுள்ளதைத் தெரிவிப்பாராயின் அதனைக் கள்ள விளையாட்டு என்போம். முன்னையது கடதாசியை மறைத்தல். பின்னையது முறையை மறைத்தல். விளையாட்டு முன்னையதின்றி நடவாது. பின்னையது எத்துணை அனுமதிக்கப்படலாம் என்பதே பிரச்சினை.

இப்பிரச்சினைக்குச் சட்டவடிவில் விடை தேடிய விளையாட்டு பிறிட்ஜ் ஆகும். இன்று உலகெங்கும் ஆடப்படும் ஒப்பந்த பிறிட்ஜிற்கு 1925இல் அமெரிக்கரான ஹறோல்ட் வண்டர்பில்ட் உருவங் கொடுத்தார். நால்வர் இரு சோடிகளாக அமர்ந்து, ஆளுக்கு 13 கடதாசிகள் பெறுவர். ஒருவருக்கு வரக்கூடிய கைகளின் எண்ணிக்கை 63,500 கோடிக்கும் மேற்பட்டது. ஆனால், கேள்விக் கட்டத்தில் தம் கையைத் துணைவருக்கு உணர்த்த அவருக்குள்ள சொற்கள் 38 மட்டுமே: 35 கேள்விகள், அவற்றோடு விட்டுக்கொடுத்தல், இரட்டித்தல், மீளிரட்டித்தல் என்பன. இத்துணைச் சிறிய சொற்றொகுதியைக் கொண்டு அத்துணைப் பெரிய பொருட்பரப்பை உணர்த்த வேண்டியிருப்பதால், ஒவ்வொரு சொல்லுக்கும் இன்ன பொருள் என்று சோடியினர் முன்னரே உடன்பாடு செய்துகொள்கின்றனர். அஃதாவது, கேள்விக் கட்டம் ஒரு மொழியாகின்றது.

அம்மொழி இருவருக்கு மட்டுமே விளங்குமாயின் அது மறைகுறியாகிவிடும். எனவே, சோடியினரிடையேயுள்ள உடன்பாடுகள் யாவும் எதிரணியினருக்குத் தெரியத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்பது பிறிட்ஜ் சட்டத்தின் அடிப்படையாயிற்று. போட்டிகளில் ஒவ்வொரு சோடியும் தன் முறைமையை ஓர் அட்டையில் எழுதி மேசையில் வைக்கின்றது. எதிரணியினர் வினவினால், கேள்வி கூறியவரல்லர், அவருடைய துணைவரே அதன் பொருளை விளக்குவார். அவர் விளக்க வேண்டியது உடன்பாட்டையே, கையிலுள்ள கடதாசிகளையன்று. இன்னொன்றும் மனங்கொளத்தக்கது. உடன்பாட்டிற்கு மாறாகக் கேள்வி கூறி எதிரியை ஏமாற்றவும் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் துணைவரும் அவ்வாறே ஏமாறக்கூடியவராய் இருத்தல் வேண்டும். கூட்டாக மறைத்தலே குற்றம்.

பகிர்வு சட்டத்தால் மட்டும் நிகழ்ந்ததன்று. அதற்கு வெகுமதியும் இருந்தது. துணைவரின் கையில் உயர் இனங்களில் நான்கு கடதாசிகள் உளவா என வினவும் உத்தி இன்று ஸ்ரேமன் என்னும் பெயரால் வழங்குகின்றது. அதனை அமெரிக்காவில் வகுத்தவர் ஜோர்ஜ் றபீ. 1945இல் அதுபற்றி எழுதி வெளியிட்டவர் அவருடைய துணைவரான சாம் ஸ்ரேமன். பிரித்தானியரான ஜக் மார்க்ஸ் இதே உத்தியைத் தாமாகவே முன்னர்க் கண்டிருந்தாராயினும் 1946இலேயே வெளியிட்டார். பெயர், கண்டவருக்கன்றி வெளியிட்டவருக்கே சென்றது. இது நீதியா என்பது வேறு வினா. ஆனால் மறைத்து வைத்தவருக்குப் புகழில்லை என்ற விதி இங்கு செயற்பட்டமை தெளிவு. வணிகமும் இதிற் பங்குகொண்டது. தம் முறைமையை நூலாக்கி 1930இல் வெளியிட்ட ஈலி கல்பேற்சன், 1931 டிசெம்பரிலிருந்து 1932 யனவரி வரை சிட்னி லென்சுடன் நியூயோர்க்கில் நடத்திய போட்டியில் வென்றார். அப்போட்டி அவர் முறைமைக்கான பெரும் விளம்பரமுமாயிற்று. அறிவு பொதுவானது பெருந்தன்மையால் மட்டுமன்று என்பதை நாம் மறத்தலாகாது.

சட்டம் உள்ள இடத்தில் மீறலும் உண்டு. 1975இல் பேர்முடாவில் நடைபெற்ற உலகப் போட்டியில், துணைவர்கள் ஒருவரையொருவர் காணாதவாறு மேசையின் குறுக்கே திரை அமைக்கப்பட்டது. அங்கும் இத்தாலிய அணியின் ஒரு சோடி, மேசையின் கீழ்க் காலால் தொட்டமைக்காகக் கண்டனத்திற்குள்ளாயிற்று. பின்னர் மேசையின் கீழும் தடுப்பு வந்தது. 2015இல் முன்னணிச் சோடிகள் சில மீது ஐயம் எழுந்தபோது, பல நாட்டு ஆட்டக்காரர் போட்டிகளின் ஒளிப்பதிவுகளைப் பகிர்ந்து பார்த்துக் கூட்டாக ஆராய்ந்தனர். மறைகுறிக்கு எதிரான வலுவான கருவி, தடுப்பினும் பார்க்கத் திறந்த ஆய்வே என்பதை இது காட்டிற்று.

பிளாக்ஜாக்கின் வரலாறு இதற்கு மாறானது. இங்கு ஆட்டக்காரரின் எதிரி இன்னோர் ஆட்டக்காரரல்லர், சூதாட்ட மனையே. 1956இல் நான்கு அமெரிக்க இராணுவத்தினர் மேசைக் கணிபொறிகளைக் கொண்டு இவ்விளையாட்டின் சிறந்த உத்தியைக் கணித்து, அமெரிக்கப் புள்ளிவிபரவியற் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். அதனைத் தொடர்ந்த கணிதவியலாளர் எட்வேட் தோர்ப், கணினியின் துணையுடன், எஞ்சியுள்ள கடதாசிகளைக் கணக்கில் வைத்திருப்பவர் மனையை வெல்லலாம் என நிறுவி, 1962இல் நூலாகவும் வெளியிட்டார். ஓர் அறிவியலாளர் செய்யவேண்டியதையே அவர் செய்தார். விளைவு யாது? 1964இல் லாஸ் வேகாஸ் மனைகள் விதிகளையே மாற்றின. வாடிக்கையாளர் குறையவே சில வாரங்களில் அம்மாற்றத்தைக் கைவிட்டன. எனினும், கடதாசிக் கட்டுகளைப் பெருக்குதல், இடையிடையே கலைத்தல், கணக்கிடுவோரை வெளியேற்றுதல் முதலிய வழிகள் அவற்றின் கையில் இருந்தன.

இதனாற் கணக்கிடுவோர் மறைவை நாடினர். 1970களில் அல் பிரான்செஸ்கோ அமைத்த குழுவில், சிறுதொகை வைத்து ஆடுவோர் கணக்கிட்டு, தக்க தருணத்திற் பெருந்தொகை வைப்பவருக்குச் சைகை காட்டினர். அக்குழுவில் இருந்த கென் அஸ்ரன் 1977இல் இம்முறையை நூலில் வெளியிட்டார். குழுவினர் அதனைத் துரோகமாகக் கருதினர். மனைகள் அதனைப் பாடமாகக் கொண்டன. அதே அஸ்ரன் தொடுத்த வழக்கில், திறமையை மட்டும் காரணமாகக் காட்டி மனைகள் தாமாகவே ஆட்டக்காரரை விலக்க முடியாது என 1982இல் நியூ ஜேர்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரைத் துரோகி என்று மட்டுமோ முன்னோடி என்று மட்டுமோ கூறிவிடுதல் எளிதன்று.

பிறிட்ஜ் ஆடுவோர் தாராள மனத்தினர், பிளாக்ஜாக் கணக்கிடுவோர் சுயநலத்தினர் என்று இவ்வேறுபாட்டைத் தனிமனித குணத்தால் விளக்குவது மேலோட்டமானதாகும். விதியை யார் ஆக்குகின்றனர் என்பதிலேயே விளக்கம் உள்ளது. பிறிட்ஜில் இன்றைய எதிரி நாளைய துணைவர். விதியை ஆக்குவது அச்சமூகமே. அது இருசாராரையும் ஒருங்கே கட்டுப்படுத்துகின்றது. ஆதலால், நான் வெளிப்படுத்துவதற்கு ஈடாக நீயும் வெளிப்படுத்துகின்றாய். சூதாட்ட மனையிலோ மூலதனமும் விதியை மாற்றும் அதிகாரமும் ஒரு சாராரிடமே உள்ளன. அங்கு உத்தியை வெளிப்படுத்துபவர் தமது ஆயுதத்தை எதிரியிடம் ஒப்படைக்கின்றார். ஈடாக எதுவும் பெறுவதில்லை. அத்தகைய இடத்தில் மறைப்பு, வலியவரின் கஞ்சத்தனமன்று. மெலியவரின் தற்காப்பு ஆகும்.

எனினும், பிறிட்ஜின் பகிர்வைப் பூரண சமத்துவமாகக் கொள்வதும் தவறு. பலமான கையை உணர்த்துதற்கு, கேள்வியை விட்டுக்கொடுக்கும் சொல்லையே பயன்படுத்தும் முறைமைகள் போலந்து முதலிய நாடுகளில் தோன்றின. அவை முழுமையாக வெளிப்படுத்தப்பட்டபோதும், மேசையில் முதன்முறை சந்திப்போர் சில நிமிடங்களில் அவற்றுக்கு மாற்று வகுத்தல் இயலாதிருந்தது. அட்டையில் எழுதப்பட்டது இரகசியமன்று; ஆனால் அதனைக் கற்க ஓய்வில்லாதவருக்கு அது இரகசியமே. உலக பிறிட்ஜ் சம்மேளனம் இத்தகைய முறைமைகளைத் தனி வகுப்பாக்கி, நீண்ட போட்டிகளில் மட்டும், முன்கூட்டியே சமர்ப்பிக்கும் நிபந்தனையுடன் அனுமதித்தது. புதுமை நாடுவோர் இதனைப் பழைமைக்கு அளித்த பாதுகாப்பு என்றனர்; ஏனையோர் நியாயம் என்றனர். இரு கூற்றிலும் உண்மையுண்டு. வெளிப்படுத்தல் என்பது சொல்லிவிடுதல் மட்டுமன்று. கேட்பவர் விளங்கிக்கொள்வதற்கான கால அவகாசமும் வாய்ப்பும் அதன் பகுதியே ஆகும்.

உத்தியைப் பொதுவாக்கினால் திறமைக்கு இடமில்லாமற் போகும் என்ற அச்சம் பொய்த்தமைக்கு பிறிட்ஜே சான்று. முறைமைகள் யாவும் மேசையில் திறந்து கிடக்க, தொண்ணூறாண்டுகளுக்கு மேலாக அவ்விளையாட்டு வாழ்கின்றது. முறை பொதுவான பின்னரும் தீர்ப்பும் துணிவும் ஒவ்வொருவருக்கும் தனியுரிமையாகவே எஞ்சுகின்றன. ஆகவே, அறிவைப் பகிருமாறு ஒருவரை வேண்டுமுன் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: அவர் அமர்ந்துள்ள மேசையின் விதிகளை ஆக்கும் உரிமை அவருக்கும் உண்டா? அவ்வுரிமை இல்லாதவரிடம் பகிர்வைக் கோருவது, அவரை மட்டும் நிராயுதபாணியாக்குவதாகும்.