காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்: டர்போ இன்ஜினை ‘ஓவர்கிளாக்’ செய்யலாமா?

தஞ்சாவூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் எனக்கு, சில வருடங்களாக ஒரு புதுவிதக் கேள்வி வருகிறது. “சார், லேப்டாப்பை காரில் மாட்டி அரை மணி நேரத்தில் இருபது குதிரைத்திறன் கூட்டித் தருகிறார்களாமே, உண்மையா?” என்கிறார்கள்.

உண்மைதான். ஆனால் அந்த இருபது குதிரைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

இன்ஜின் கம்ப்யூட்டர் என்றால் என்ன?

இன்றைய கார்கள் எல்லாவற்றிலும் ஈ.சி.யு. எனப்படும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. பிராசஸர், மெமரி, அதில் ஒரு புரோகிராம். நம் வீட்டு கம்ப்யூட்டரைப் போலத்தான். மானிட்டரும் கீபோர்டும் மட்டும் இல்லை. கீபோர்டுக்குப் பதில் சென்சார்கள், மானிட்டருக்குப் பதில் இன்ஜெக்டர்கள். எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே பெட்டியிலிருந்து கவனித்துக்கொள்ளும் போஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் 1979-ல் பி.எம்.டபிள்யூ. காரில் வந்தது. இன்று அதே போஷின் சாஃப்ட்வேர் மையம் ஒன்று நம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது.

இந்தப் புரோகிராமின் உயிர் அதிலுள்ள அட்டவணைகளில் இருக்கிறது. இவற்றை ‘மேப்’ என்பார்கள். எக்செல் ஷீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் இன்ஜின் வேகம், மேலே எவ்வளவு லோடு என்ற அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு எண். இத்தனை மில்லிகிராம் எரிபொருள் விடு, இத்தனை டிகிரி முன்னதாகத் தீப்பொறி கொடு, டர்போவின் அழுத்தத்தை இந்த அளவில் நிறுத்து என்று அந்த எண் சொல்கிறது. ‘ரீமேப்’ செய்பவர் இந்த எண்களைத்தான் மாற்றுகிறார்.

டர்போ காருக்கு மட்டும் ஏன் இத்தனை ஆர்வம்?

சாதாரண இன்ஜின் தன்னால் முடிந்த காற்றைத்தான் இழுக்கும். எண்களை மாற்றினாலும் பெரிய பலன் இராது. டர்போ அப்படியல்ல. வெளியேறும் புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிறது. எவ்வளவு அழுத்தலாம் என்பதை முடிவு செய்வது கம்ப்யூட்டர். அந்த எண்ணைக் கூட்டினால் காற்று கூடும். எரிபொருளையும் கூட்டினால் சக்தி கூடும். நம் ஓவர்கிளாக்கிங் மாதிரிதான். பிராசஸரை விற்றவர் விட்டுவைத்த இடைவெளியை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

“கம்பெனிக்காரன் பூட்டி வைத்திருக்கிறான்” என்று பலர் சொல்வதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ என்று பல கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜின் 75 குதிரைத்திறனிலும் கிடைத்தது, 90-லும் கிடைத்தது. “வித்தியாசம் வெறும் சாஃப்ட்வேர்தான்” என்பார்கள். இல்லை. 90 குதிரைத்திறன் இன்ஜினில், இறக்கைகளின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வேறு வகை டர்போ இருந்தது. 75-ல் இருந்தது சாதாரண டர்போ. சாஃப்ட்வேரை மட்டும் மாற்றி 90-ஐ எட்டினால், சின்ன டர்போவைப் பெரிய டர்போவின் வேலையைச் செய்யச் சொல்கிறோம் என்று அர்த்தம்.

டெல்டா வெயிலில் ஒரு கணக்கு

அந்த இடைவெளியை ஏன் விட்டு வைத்தார்கள்? லே குளிருக்கும் நம் அக்னி நட்சத்திரத்துக்கும் ஒரே புரோகிராம்தான் என்பதால்.

காற்றை அழுத்தினால் சூடாகும். சைக்கிள் பம்ப்பைத் தொட்டுப் பாருங்கள். மார்கழிக் காலையில் 25 டிகிரிக் காற்றை 1.8 மடங்கு அழுத்தினால், டர்போவின் திறன் 70 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 103 டிகிரி சூட்டில் வெளிவரும். மே மாத மதியம் 42 டிகிரிக் காற்று என்றால் 124 டிகிரி. போதாததற்கு, 42 டிகிரிக் காற்றில் ஆக்சிஜனும் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைவு. அதே சக்தியைத் தர டர்போ இன்னும் அதிகமாக உழைக்க வேண்டும்.

இந்தச் சூட்டைக் குறைக்கத்தான் இன்டர்கூலர் இருக்கிறது. நம் ஊரில் அதற்கும் ஒரு சோதனை உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல் காயும், வைக்கோல் கிடக்கும். பதரும் தூசியும் பறந்து இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும். வெயிலுக்கும் பதருக்கும் என்று விட்டு வைத்த இடைவெளியைத்தான் ரீமேப் தின்கிறது.

பெட்ரோல் இன்ஜின் என்றால் சூடு அதிகமாகும்போது எரிபொருள் நேரம் தவறி வெடிக்கும். ‘நாக்கிங்’ என்பது இதுதான். கம்ப்யூட்டர் இதைக் கேட்டுத் தீப்பொறியைப் பின்தள்ளும். ஓரளவுக்கு மேல் அதனாலும் முடியாது. டீசல் என்றால் கரும்புகையும், டர்போவைச் சுடும் வெப்பமும் வரும்.

எரிபொருளையும் மறக்காதீர்கள். 2025-ல் நம் நாட்டில் பெட்ரோலுடன் 20 சதவீத எத்தனால் கலப்பது எட்டப்பட்டது. சுத்தமான பெட்ரோலில் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 போதும். ஐரோப்பாவின் 98 ஆக்டேன் பெட்ரோலுக்காக எழுதிய ஃபைலை இன்டர்நெட்டில் வாங்கி இங்கே ஏற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பயாஸ் அப்டேட் நினைவிருக்கிறதா?

பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் மதர்போர்டு என்ன ஆகும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈ.சி.யு.வும் அப்படித்தான். எழுதி முடிக்கும்வரை கார் பேட்டரியின் வோல்டேஜ் இறங்கக்கூடாது. அதற்கென்று உள்ள பவர் சப்ளையை மாட்டாமல் ஒருவர் லேப்டாப்பைத் திறந்தால், காரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பாபநாசத்தில் உள்ள என் நண்பர் ஒருவர் தன் டீசல் காரை வெளியூர் பட்டறை ஒன்றில் ரீமேப் செய்தார். முதல் மாதம் சந்தோஷம். பிறகு கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. கூடிய இழுவிசையை அது தாங்கவில்லை. பழையபடி மாற்றித் தாருங்கள் என்று போனால், பழைய ஃபைலை அவர்கள் எடுத்து வைக்கவே இல்லை. பேக்கப் எடுக்காமல் ஃபார்மேட் செய்த கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்ஜின் சாஃப்ட்வேர் வெறும் சொந்த விஷயம் அல்ல என்பதை 2015 செப்டம்பரில் உலகம் பார்த்தது. புகைப் பரிசோதனை நடப்பதைக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கும் புரோகிராமை ஃபோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்கள். இந்தியாவில் மட்டும் சுமார் 3.23 லட்சம் கார்களை சாஃப்ட்வேர் திருத்தத்துக்காகத் திரும்ப அழைப்பதாக அந்த டிசம்பரில் அறிவித்தார்கள்.

நமக்கும் சட்டம் உண்டு. தயாரிப்பாளர் தந்த அடிப்படை அம்சங்களை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வாரண்டியும் போகலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கும்.

நீங்கள் செய்யக்கூடியது

1. எதையும் எழுதாதீர்கள், முதலில் படியுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை ஓ.பி.டி. சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரை மாட்டி, செல்போனில் பார்க்கலாம்.

2. உள்ளே வரும் காற்றின் வெப்பம், அழுத்தம், பெட்ரோல் கார் என்றால் தீப்பொறி நேரம், இவற்றைப் பதிவு செய்யுங்கள். தஞ்சை - திருச்சி நான்கு வழிச் சாலையில் காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மதியம் இரண்டு மணிக்கு ஒரு முறை, ஒரே வேகத்தில். செல்போனைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை.

3. மதியத்தில் தீப்பொறி நேரம் நன்றாகப் பின்வாங்கியிருந்தால், உங்கள் கார் இப்போதே இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

4. ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். இன்டர்கூலர் தகடுகளிலுள்ள பதரை, தகடு மடங்காதபடி குறைந்த வேகத் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். மறுபடி பதிவு செய்து பாருங்கள். இழந்த சக்தியில் ஒரு பகுதி இதிலேயே திரும்பி வருவதுண்டு.

இதற்குப் பிறகும் ஆசை அடங்காதவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன. அதற்கென்று ஒரு கார் வைத்துக்கொண்டு, எண்களோடு அங்கே விளையாடலாம். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் காயும் நெல் என்று போகும் நம் சாலைகளுக்கு, கம்பெனி எழுதிய எண்களே போதும் என்பது என் கருத்து.